மைக்கும் மோட்டுவளையும்

வேலையில்லாமல் இருப்பவனைப் பற்றி, "மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்" என்று சொல்வார்கள். போன இரண்டு மாதமாக நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் சும்மா இல்லை. ஒரு கையில் இஞ்சி டேப், மறு கையில் நூல்கண்டு!

விஷயம் இதுதான். என் மகள் வயிற்றுப் பேரன் டிரம்ஸ் வாசிக்கிறான். பி.காம். முடித்துவிட்டு, வேலைக்குப் போகாமல், கோவையைச் சுற்றிக் கல்யாண ரிசப்ஷன்களில் வாசித்துச் சம்பாதிக்கிறான். இப்போது வீட்டிலேயே டிரம்ஸைப் பதிவு செய்து, வெளியூரில் இருக்கும் இசையமைப்பாளர்களுக்கு அனுப்புகிற வேலையையும் பிடித்திருக்கிறான். அவன் அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை. ஒரு வருஷம் கெடு கொடுத்திருக்கிறாள். அதற்குள் நிலையாக வருமானம் வராவிட்டால் வங்கித் தேர்வுக்குப் படிக்க உட்கார வேண்டும்.

கெடுவில் நாலு மாதம் கழிந்த நிலையில்தான் அவன் அனுப்பிய முதல் பாட்டு திரும்பி வந்தது. "வாசிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் டப்பாவுக்குள் உட்கார்ந்து வாசித்த மாதிரி கேட்கிறது. சரிசெய்து பத்து நாளில் அனுப்புங்கள், பார்க்கலாம்" என்று குறிப்பு.

பேரன் என்னிடம் வந்தான்.

"அப்புச்சி, ஓவர்ஹெட் மைக்தானுங்க பிரச்சினை. ஒரு நல்ல ஜோடி வாங்கினா சரியாயிரும். எண்பதாயிரம் ஆகுதுங்க."

ஓவர்ஹெட் மைக் என்றால் டிரம் செட்டுக்கு மேலே தொங்கவிடும் மைக். சிம்பல் தட்டுகளை மட்டும் அல்ல, மொத்தச் செட்டையும் ஒரே படமாகப் பிடிப்பது அதுதான். மற்ற மைக்குகள் எல்லாம் ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் நின்று துணை செய்பவை.

அவன் என்னிடம் வந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, நான் ஒரு வானொலி நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒலிப்பதிவு வேலை பார்த்தவன். இன்னொன்று, என் காது மெஷினுக்கென்று மகள் ஒதுக்கி வைத்திருந்த பணம் சும்மா கிடப்பது அவனுக்குத் தெரியும். என் காதுக்கு ஒன்றும் இல்லை என்று நான் இரண்டு வருஷமாகச் சாதித்துக்கொண்டிருந்தேன்.

"மைக் அப்புறம். முதல்ல உன் ரூமைக் காட்டு" என்றேன்.

மாடியில் பத்துக்குப் பதினொன்று அறை. ஒன்பதடி உயரத்தில் கான்கிரீட் கூரை. தரை டைல்ஸ். சுவரில் முட்டைத் தட்டுகளை ஒட்டியிருந்தான். கை தட்டிப் பார்த்தேன். 'டிங்' என்று ஒரு ரீங்காரம். மைக் இரண்டும் ஏழடி உயரத்தில், கூரைக்கு இரண்டே அடி கீழே தொங்கின.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்ன அறையில் டிரம்ஸுக்கு மேலே தொங்கும் மைக்கைத் தேர்ந்தெடுக்கும்போது, பார்க்க வேண்டியது பிராண்டை அல்ல, கூரையை. எண்பதாயிரம் ரூபாய் மைக் அந்த அறையின் குறையை இன்னும் துல்லியமாகப் பதிவு செய்யும், அவ்வளவுதான்.

காரணம் எளிது. சத்தம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 1,130 அடி போகும். ஸ்நேர் டிரம்மை அடித்தால், சத்தம் மைக்குக்கு நேராக ஒரு தடவை வருகிறது. மைக்கைத் தாண்டிப் போய்க் கூரையில் மோதி இன்னொரு தடவை வருகிறது. மைக் கூரைக்கு இரண்டடி கீழே இருந்தால், அந்த இரண்டாவது சத்தம் நாலடி கூடுதலாக நடந்து, சுமார் மூன்றரை மில்லி விநாடி தாமதமாக வந்து சேரும். நம் காதுக்கு அது தனி எதிரொலியாகத் தெரியாது. ஆனால் இரண்டும் மைக்கில் கலக்கும்போது, 140 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம், 420-இல் ஒன்று, 700-இல் ஒன்று என்று சீப்பின் பல் மாதிரி வரிசையாகச் சத்தம் அடிபடும். 'டப்பா' என்று அந்த இசையமைப்பாளர் சொன்னது இதைத்தான்.

பெரிய கூடத்தில் இந்தத் தொல்லை குறைவு. பேரன் இணையத்தில் படித்துவிட்டு லெட் செப்லின் குழுவின் முதல் ஆல்பத்தை உதாரணம் சொன்னான். 1968-இல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் கிளின் ஜான்ஸ் பதிவு செய்தது. நாலைந்து மைக்கில் அப்படி ஒரு டிரம்ஸ்! ஆனால் அது பெரிய கூடம், உயரமான கூரை. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மைக் மாடலை அல்ல. மேலே உள்ள மைக்கும் பக்கவாட்டு மைக்கும் ஸ்நேரிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும் என்ற அவருடைய கணக்கை.

இந்தச் சம தூரக் கணக்கை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோயில் மண்டபத்தில் நாயனக் கச்சேரி பதிவு. தவிலுக்குப் பக்கத்தில் ஒரு மைக், இன்னும் நாலடி தள்ளி இன்னொன்று. தள்ளி இருந்ததன் சத்தத்தை ஏற்றி, இரண்டையும் ஒரே தடத்தில் கலந்துவிட்டேன். அன்றைய ஒலிபரப்பு மோனோதான். பதிவைப் போட்டுக் காட்டியபோது தவில்காரப் பெரியவர் கொஞ்ச நேரம் கேட்டார்.

"தம்பி, என் தொப்பிப் பக்கத்தைக் காணமுங்களே" என்றார்.

தவிலில் குச்சியால் அடிக்கும் கனத்த பக்கம் தொப்பி. அவர் அடித்தது எனக்குக் கண்ணில் தெரிந்தது. டேப்பில் இல்லை. இரண்டு மைக்கும் சேர்ந்து ஒன்றை ஒன்று தின்றுவிட்டன. கச்சேரி முடிந்துவிட்டது, மறுபடி வாசிக்கச் சொல்ல முடியுமா? இன்றும் நினைத்தால் கூசுகிறது.

ஆகவே பேரனுக்கு நான் சொன்னது மூன்று விஷயம்.

முதலாவது, மைக்கின் முதுகு. இருதய வடிவில் சத்தம் வாங்கும் 'கார்டியாய்ட்' மைக் முன்னால் வருவதை நன்றாகவும், முதுகுப் பக்கம் வருவதைக் குறைவாகவும் எடுக்கும். டிரம்ஸைப் பார்த்துத் தொங்கும்போது அதன் முதுகு கூரையைப் பார்க்கும். நமக்கு வேண்டியது அதுதான். எல்லாப் பக்கமும் கேட்கும் 'ஆம்னி' மைக் பெரிய கூடத்தில் அழகு, இங்கே அது கூரையையும் விருந்துக்கு அழைக்கும். ரிப்பன் மைக் சிம்பலின் காரத்தைத் தணிக்கும் என்று புகழ்வார்கள், உண்மைதான். ஆனால் பெரும்பாலான ரிப்பன் மைக்குக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி காது. தாழ்ந்த கூரைக்கு அது ஒத்து வராது. சின்னச் சவ்வு கொண்ட, பென்சில் மாதிரி ஒல்லியான கண்டென்சர் ஜோடியே இங்கே போதும். பக்கவாட்டிலிருந்து வரும் சத்தத்தையும் அது அதிகம் நிறம் மாற்றாமல் எடுக்கும். நாலு சுவரும் பக்கத்தில் நெருக்கும் அறையில் இது முக்கியம்.

இரண்டாவது, உயரமும் நூலும். மைக்கைக் கீழே இறக்கு என்றேன். ஒரு டிரம் குச்சி பதினாறு அங்குலம். ஸ்நேரின் நடுவிலிருந்து நேர் மேலே இரண்டு குச்சி நீளத்தில் ஒரு மைக். வாசிப்பவரின் வலது தோளுக்கு மேலே இன்னொன்று. ஒரு நூலின் ஒரு முனையை ஸ்நேரின் நடுவிலும், மறு முனையை பேஸ் டிரம்மில் அடி விழும் இடத்திலும் பிடித்து, முதல் மைக் வரை இழுத்துக் கட்டு. மைக் தொடும் இடத்தில் நூலை விரலால் பற்றிக்கொண்டு, அப்படியே இரண்டாவது மைக்குக்குக் கொண்டு போ. நூல் எங்கே விறைக்கிறதோ அங்கேதான் அந்த மைக். இரண்டு மைக்குக்கும் ஸ்நேரும் பேஸ் டிரம்மும் சம தூரம். தொப்பி காணாமல் போகாது.

முன்பு கூரை வழியாக வந்த சத்தம், நேராக வந்ததைப் போல இரண்டு மடங்கு தூரம்கூட நடக்கவில்லை. இறக்கிய பிறகு நாலு மடங்கு நடக்க வேண்டும். வரும்போது களைத்துப்போய்த்தான் வரும்.

மூன்றாவது, கூரைக்கு மருந்து. முட்டைத் தட்டுகளைப் பிய்த்துப் போடச் சொன்னேன். அவை கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் சிதறடிக்கும், கனத்த சத்தத்தைத் தொடாது. தீப்பிடித்தால் அவ்வளவுதான். பாய்லருக்குச் சுற்றும் ராக்வூல் பலகைகள் நம் ஊரில் கிடைக்காத பொருளா? இரண்டு அங்குலப் பலகையை இரண்டடுக்காகத் துணியில் சுற்றி, செட்டுக்கு நேர் மேலே, கூரையை ஒட்டாமல் நாலங்குலம் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டோம். அந்த இடைவெளியும் வேலை செய்யும். மூலைகளில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தினோம், பிளக் பாயிண்ட் பக்கம் போகாமல். தரைக்கு ஜமக்காளம்.

"அப்புச்சியும் பேரனும் சேர்ந்து ஊட்டைப் பஞ்சாலை ஆக்கறீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

பழைய மைக்கையே வைத்துப் பதிவு செய்தோம். அவன் முகம் மலர்ந்தது. ஹெட்போனை வாங்கி நான் கேட்டேன். ஸ்நேர் கெட்டியாக, பேஸ் டிரம் வயிற்றில் அடிக்கிற மாதிரி. ஆனால் சிம்பல் மட்டும் மங்கலாகப் பட்டது.

"சிம்பல் செத்துக் கிடக்குதடா. இந்த மைக்ல மேல் ஸ்வரம் இல்லை. இதுக்கு மட்டும் வேற ஜோடி வாங்கிரலாம், பளிச்சுனு எடுக்கிற மாதிரி" என்றேன். பணம் எடுக்க நானே தயார்!

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "அப்புச்சி, கோவிச்சுக்காதீங்க. சிம்பல் இப்பவே காதைக் குத்துதுங்க. இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்னு இருந்தேன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் காதை வைத்துச் சோறு தின்றவன் நான்.

மறு வாரம் மகள் கூட்டிக்கொண்டு போக, கேட்புச் சோதனைக்குப் போனேன். இதை இரண்டு வருஷம் தள்ளிப் போட்டவன் நானே என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். தாளில் கோடு 1,000 ஹெர்ட்ஸ் வரை சுமாராகப் போய், 3,000-க்கு மேல் மலைச்சரிவு மாதிரி இறங்கியது. வயதானால் காது மேல் ஸ்வரங்களைத்தான் முதலில் இழக்கும். சிம்பலின் பளபளப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. குறை மைக்கில் இல்லை. பேரனுக்கு எண்பதாயிரம் ரூபாயில் நான் வாங்கிக் கொடுக்க இருந்தது என் செவிட்டுக்கு ஒரு கண்ணாடி.

அதனால் என் கருத்தின் இரண்டாம் பாதியையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து என்பதை நம்மைப் போன்ற பழைய ஆட்கள் சொல்லலாம். டேப்பும் நூலும் பொய் சொல்லாது. ஆனால் எந்த மைக்கின் குரல் நன்றாக இருக்கிறது என்பதை இருபது வயதுக் காதுதான் சொல்ல வேண்டும். அனுபவம் என்ற பெயரில் அதிலும் நாம் தலையிட்டால் பிள்ளைகள் மரியாதைக்காகச் சும்மா இருந்துவிடுவார்கள். பாட்டு கெடும். அந்தத் தவில்காரர் அன்று வாயைத் திறந்ததால்தான் நான் தொழில் கற்றேன்.

"எதை வாங்கினாலும் உசத்தியா ஒரே தடவை வாங்கிரணும்" என்று நம் தலைமுறை சொல்லும். கிரைண்டருக்கு அது சரி. மைக்குக்குச் சரியில்லை. உசத்தி மைக்கை வாங்கிவிட்டு அறையை அப்படியே விட்டால், உசத்தியான டப்பாச் சத்தம்தான் கிடைக்கும்.

முடிவாக என்ன ஆயிற்று? ராக்வூல், துணி, ஆணி, கூலி எல்லாம் சேர்த்து அந்த எண்பதாயிரத்தில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மைக் எதுவும் வாங்கவில்லை. ஒன்பதாம் நாள் அனுப்பிய பாட்டை இசையமைப்பாளர் ஏற்றுக்கொண்டு, இன்னும் இரண்டு பாட்டுக் கொடுத்திருக்கிறார். மகளின் கெடுவில் இன்னும் ஆறு மாதம் மீதி இருக்கிறது. அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தோற்றாலும் அறையால் தோற்றான் என்று இருக்காது.

காது மெஷின் வந்துவிட்டது. மாட்டிக்கொண்ட அன்று மாடிக்குப் போய் அவன் வாசிப்பதைக் கேட்டேன். ஐந்து நிமிஷத்தில் இறங்கி வந்துவிட்டேன்.

உண்மைதான், சிம்பல் காதைக் குத்துகிறது.