மண்ணே முதல், இலை துணை

மலேசிய மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. அதில் இடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிணைத்துக்கொள்வதால், வேர்களுக்கு எஞ்சுவது சிறிதே. இத்தகைய குறையை ஈடுசெய்யவே இலைவழி உரம் உதவுகிறது. தமிழ்நாட்டில் உளுந்து பயிரிடுவோர் டி.ஏ.பி. உரத்தை முதல் நாளே ஊறவைத்து, தெளிந்த 2 விழுக்காட்டுக் கரைசலைப் பூக்கும் பருவத்திலும் 15 நாள் கழித்தும் தெளிக்கின்றனர்.

கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்சிலும் வீட்டுத் தோட்டம் வளர்ப்போர் இம்முறையைக் கையாளலாம். ஆயினும், இலை ஏற்பது சிறிதளவே. கரைசல் மிகுந்தால் இலை கருகும். எஞ்சிய சத்து மழைநீரோடு கிள்ளான் ஆற்றில் கலந்தால் பாசி பெருகும். எனவே, சுண்ணாம்பும் தொழுவுரமும் இட்டு மண்ணைப் பண்படுத்துவதே முதற்கடமை. வேரை மறந்து இலைக்கு மட்டும் ஊட்டுவது அறிவுடைமையாகாது.