பீலியில் தொடங்கும் சுகாதாரம்

மலைக்காற்றுக்குப் பேர்போன பண்டாரவளையில் 2014 டிசம்பருக்குப் பிறகு கிணறுகள் வற்றத் தொடங்கின. உமா ஓயா நீர்மின், நீர்ப்பாசனத் திட்டத்துக்காகக் குடைந்த சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டுப் பாய்ந்தது. ஊற்றுகள் அடங்கின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் மக்கள் திரளாக வீதிக்கு இறங்கினார்கள்.

அதே திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. 120 மெகாவோட் மின்சாரமும் மொனராகலை, ஹம்பாந்தோட்டை வயல்களுக்குத் தண்ணீரும் நாட்டுக்கு ஆதாயம்தான். ஆனால் மலையில் இருப்பவர்களின் குடத்துக்கு யார் பொறுப்பு?

இது சுகாதாரத்தின் கேள்வியும்தான். பவுசருக்குக் காத்திருக்கும் வீட்டில் கை கழுவுவதற்குக்கூடக் கணக்குப் பார்ப்பார்கள். மூடாத பீப்பாயில் சேமித்த நீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகும். வைத்தியசாலையில் கட்டில்களைக் கூட்டினால் மட்டும் இது தீராது.

தோட்டப்புறத்தில் நிலைமை இன்னும் சிக்கல். லயத்துக் குடும்பங்கள் நம்பியிருக்கும் ஊற்றுநீர்ப் பீலிக்கு மேலே மரக்கறிப் பாத்திகளோ மலக்குழிகளோ இருந்தால், மழையோடு எல்லாம் கீழேதான் வரும்.

பண்டாரவளை நகரம் எல்ல ஊர்ப் பக்கமாக ஹோட்டல்களோடு வளர்கிறது. புதிய கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும் முன், தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்று மாநகர சபையும் பிரதேச சபைகளும் கேட்க வேண்டும். கிணறு, பீலி நீரின் பரிசோதனை முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் மாதந்தோறும் ஒட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் நகரக் குழாய்க்குப் பக்கத்திலேயே தோட்டத்துப் பீலியும் இடம்பெற வேண்டும்.