பந்தலைப் பிரிக்க மறந்தவர்கள்

எதிர்வீட்டு மாமி அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. புளோரிடாவில் இருக்கும் பிள்ளையையும் பேத்தியையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்னைக் காப்பி சாப்பிடக் கூப்பிட்டாள். காப்பி ஒரு சாக்கு. போட்டோக்களைக் காட்டுவதுதான் காரியம் என்று எனக்குத் தெரியும். நானும் ஆசையோடுதான் போனேன்.

மாமி போனில் ஒரு படத்தைக் காட்டினாள். இரண்டு பெரிய சிவப்புத் தூண்கள், உயர்ந்த கூரை, நடுவே ஒரு டிராகன். பார்த்தால் சீனக் கோயில் மாதிரி இருந்தது. அதன் முன்னால் பேத்தி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"இதுதான் டிஸ்னி ஹாலிவுட் ஸ்டூடியோஸ். பூங்காவுக்கு நட்ட நடுவிலே இந்தத் தியேட்டர்!" என்றாள் மாமி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த பெண் விடவில்லை. "அம்மா, நீ வேறே எங்கேயோ போயிருக்கே. அங்கே நடுவிலே இருக்கிறது தொப்பி!" என்று உள்ளே ஓடிப்போய் ஓர் ஆல்பத்தை எடுத்து வந்தாள். கல்யாணமான புதிதில், 2009-ல், கணவரோடு போனபோது எடுத்த படம். ஆம், தொப்பிதான்! நீல நிறத்தில், நட்சத்திரமும் பிறையும் போட்டு, பன்னிரண்டு மாடி உயரத்துக்கு ஒரு மந்திரவாதித் தொப்பி.

"தொப்பியாவது, குல்லாயாவது! நான் கண்ணாலே பார்த்துவிட்டு வந்திருக்கேன்."

"நான் மட்டும் காதாலேயா பார்த்தேன்? அக்கா, நீங்களே சொல்லுங்க."

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்று சொல்லி நான் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டாள். "அப்படியானால் அந்த இடத்துக்கு எது பொருத்தம்?"

அதற்குக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

உல்லாசப் பூங்காவின் நடுவில் கண்ணைக் கவருகிற ஒன்று நிற்க வேண்டும் என்பது வால்ட் டிஸ்னியின் எண்ணம். 1955-ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தைத் திறந்தபோது, தெருக்கோடியில் 77 அடி உயரத்தில் ஒரு கோட்டையை நிறுத்தினார். வாசலில் நுழைகிற குழந்தை அதைப் பார்த்ததும் கால் தானாக அதை நோக்கி நடக்கும். வழி தவறினாலும் நிமிர்ந்து பார்த்தால் இடம் தெரியும். 'தூங்கும் அழகி'யின் கோட்டை என்று அதற்குப் பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படமே 1959-ல்தான் வெளிவந்தது. ஆனாலும் "இது யாருடைய கோட்டை?" என்று எந்தக் குழந்தையும் கேட்கவில்லை. ராஜா ராணிக் கதை நடக்கிற இடத்துக்கு வந்துவிட்டோம் என்பது அதற்குப் புரிந்துவிட்டது. அது போதுமே!

புளோரிடாவில் 1998-ல் விலங்குகளுக்காக ஒரு பூங்கா திறந்தார்கள். நடுவில் 145 அடி உயர மரம். அடிமரம் முழுவதும் முந்நூறுக்கு மேற்பட்ட பிராணிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே இருப்பதோ கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைக்குப் போடுவது போன்ற இரும்புச் சட்டம். பொய் மரந்தான். ஆனால் அது சொல்லுகிற சேதி பொய்யல்ல. நடுவில் நிற்பது அசலா, நகலா என்பதல்ல விஷயம். "நீ வந்திருக்கிற இடம் இது" என்று அது சரியாகச் சொல்ல வேண்டும்.

இப்போது நம் சினிமாப் பூங்காவுக்கு வருவோம். 1989 மே முதல் தேதி திறந்தபோது அதற்கு டிஸ்னி-எம்.ஜி.எம். ஸ்டூடியோஸ் என்று பெயர். 1930-40-களின் ஹாலிவுட்டைக் கண்முன் கொண்டு வருவதுதான் நோக்கம். வாசலில் நுழைந்தால் அந்தக் காலத்துக் கடைத்தெரு. தெருக்கோடியில் சீனத் தியேட்டர். அசல் தியேட்டர் ஹாலிவுட்டில் 1927-ல் திறந்தது. நட்சத்திரங்கள் ஈர சிமெண்டில் கையும் காலும் பதித்துவிட்டுப் போகிற முற்றத்தால் உலகப் புகழ் பெற்றது. அதைப் பார்த்து இங்கே கட்டிய தியேட்டருக்குள்ளே வண்டியில் உட்கார்ந்து போனால் பழைய படங்களின் காட்சிகள் ஒவ்வொன்றாக வரும். தெருவும் வீடும் வீட்டின் உள்ளும் ஒரே பேச்சைப் பேசின.

2001-ல் வந்தது தொப்பி. வால்ட் டிஸ்னி பிறந்தது 1901. அவருடைய நூற்றாண்டு விழாவுக்காக, தியேட்டருக்கு நேர் முன்னால் 122 அடி உயரத்துக்கு அதை நிறுத்தினார்கள். தெருவில் நடந்து வருகிறவர் கண்ணுக்குத் தியேட்டர் மறைந்தே போயிற்று.

தொப்பியும் சினிமாவிலிருந்து வந்ததுதானே என்று கேட்கலாம். வாஸ்தவம். 1940-ல் வந்த 'ஃபேண்டேசியா' படத்தில் மிக்கி எலி மந்திரவாதியிடம் எடுபிடியாக இருக்கும். குரு இல்லாத சமயத்தில் அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, துடைப்பத்தைத் தண்ணீர் சுமக்கச் சொல்லும். நம் வீட்டுத் துடைப்பத்துக்கு அப்படி ஒரு வரம் கிடைக்கக் கூடாதா என்று நினைக்காத பெண் உண்டா? ஆனால் அந்தத் துடைப்பத்தை நிறுத்தத் தெரியாமல் வீடெல்லாம் வெள்ளமாகிவிடும்.

அழகான தொப்பிதான். ஆனால் அது டிஸ்னி கம்பெனியின் அடையாளம். தெருவோ ஹாலிவுட் என்ற ஊரின் அடையாளம். ஊரைப் பார்க்க வந்தவர்களுக்கு எதிரே, வீட்டுக்காரர் தம்முடைய தொப்பியை மாட்டிவைத்தது போல் ஆயிற்று. கொஞ்ச காலத்தில் அதன் அடியிலே சட்டையில் குத்திக்கொள்ளும் பின் விற்கிற கடையும் வந்தது.

இத்தனைக்கும் அந்தக் கம்பெனிக்குப் பொருத்தம் பார்க்கத் தெரியாமலில்லை. அதே பூங்காவில் 1994-ல் 199 அடி உயரத்தில் ஒரு பாழடைந்த ஓட்டலைக் கட்டினார்கள். பக்கத்துப் பூங்காவிலுள்ள மொராக்கோ மண்டபத்துக்குப் பின்னால் அதன் தலை தெரியும் என்பதற்காக, உச்சியையும் நிறத்தையும் மொராக்கோவுக்கு ஒத்துப்போகும்படி அமைத்தார்கள். பக்கத்து வீட்டுக் கொல்லைக்கு அத்தனை கவலைப்பட்டவர்கள், தங்கள் வாசலைக் கவனிக்கவில்லை!

தொப்பியை வைத்ததைக்கூட நான் குற்றம் சொல்ல மாட்டேன். விழா என்றால் வாசலில் பந்தல் போடத்தான் போடுவோம். வீட்டின் முகப்பு மறைந்தால் யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தல்காரன் வந்து நிற்பான். இங்கே விழா முடிந்தது, பந்தலைப் பிரிக்கவில்லை. 2015 ஜனவரியில்தான் தொப்பியைப் பிரிக்கத் தொடங்கினார்கள். பதின்மூன்று வருஷத்துக்கு மேல்!

"அப்படியானால் என் போட்டோவில் இருப்பது தப்பான இடமா?" என்று மாமியின் பெண் கேட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நான் யோசிக்காத இடம் அது. அவளுக்கு அந்த ஊர் என்றால் தொப்பிதான். அதன் நிழலில் முதன்முதலாகக் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறாள். வெளியூர்க்காரருக்குப் பூங்காவின் திட்டம் தெரியுமா? நடுவில் எது நிற்கிறதோ அதுதான் ஞாபகத்தில் நிற்கும். பொருத்தமில்லாததை நடுவில் வைத்தவர்கள், பிறகு அதைப் பிரிக்கும்போது, எத்தனையோ பேருடைய ஞாபகத்தையும் சேர்த்தல்லவா பிரித்துவிடுகிறார்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தியேட்டர் திரும்பி வந்தது. பழைய ஸ்டூடியோ திரும்பவில்லை. 'முலான்', 'லிலோ அண்ட் ஸ்டிச்' போன்ற படங்களை வரைந்த அங்குள்ள சித்திரக்கூடத்தை 2004-லேயே மூடிவிட்டார்கள். பழைய படக் காட்சிகளும் 2017-ல் நின்றன. 2018-ல் பொம்மை உலகமும், 2019-ல் விண்வெளி உலகமும் வந்தன. தியேட்டருக்குள் 2020 மார்ச் முதல் மிக்கி, மின்னியின் ரயில் ஓடுகிறது. கார்ட்டூன் பார்க்க உள்ளே போகிறோம், திரை கிழிகிறது, அந்த ஓட்டை வழியாக நாமே படத்துக்குள் நுழைகிறோம். இப்போது அந்தப் பூங்காவே அதுதான்: படம் எடுப்பதைப் பார்க்கிற இடமாக இருந்தது, படத்துக்குள் போகிற இடமாகிவிட்டது. அதற்குத் தியேட்டர் வாசலைவிடப் பொருத்தமான வாசல் ஏது? ஆகவே என் தீர்ப்பு மாமியின் கட்சிக்கே.

"ஆனாலும் அந்த ஆல்பத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். இனிமேல் யாரும் அப்படி ஒரு படம் எடுக்க முடியாது" என்று பெண்ணிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

விடைபெற்று வெளியே வந்தேன். மாமி வீட்டு நிலைப்படியில், போன வருஷக் கொலுவுக்குக் கட்டிய ஜிகினாத் தோரணம் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதை மாமியும் பார்த்துவிட்டாள்.

"நாளைக்கே பிரிச்சுடறேண்டீ!" என்றாள்.