கிழ யந்திரங்களுக்கு ஒரு வக்காலத்து

கதை எழுதுகிறவனுக்கு மின்சார யந்திரங்களைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நான் எழுதுவது விளக்கு வெளிச்சத்தில்; நீங்கள் படிப்பதும் அதே வெளிச்சத்தில். அந்த அளவுக்கு எனக்கும் பாத்தியதை உண்டு.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓட ஆரம்பித்தது. கிளென்மார்கனிலிருந்து 3,000 அடிக்கு மேல் குழாயில் இறங்கிய தண்ணீர், சிங்காராவில் பெல்ட்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதி அதைச் சுழற்றியது. கோயம்புத்தூரில் ஆலைகள் பெருகியதற்கு அந்தத் தண்ணீர் ஒரு முக்கியக் காரணம். 1960-களில் கானடா நாட்டு உதவியோடு குந்தா நிலையங்களும் எழுந்தன.

"கிழட்டு யந்திரங்கள்! அவற்றின் காலம் முடிந்தது. இனிச் சூரியனும் காற்றும் போதும்" என்று இன்று சிலர் சொல்கிறார்கள். சூரிய மின்சாரத்தை நானும் வரவேற்கிறேன். ஆனால் ஐயா, சூரியன் மறைந்த பிறகுதானே நம் வீடுகளில் விளக்கேற்றுகிறோம்? அனல் நிலையத்தின் கொதிகலன் சூடேற மணிக்கணக்காகும். மலைத் தண்ணீரோ, வால்வைத் திறந்த சில நிமிஷங்களில் மின்சாரமாகிவிடுகிறது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, மாலையில் இறக்கவும் செய்யலாம். ஆனைமலையில் காடம்பாறை நிலையம், 400 மெகாவாட் சக்தியோடு, 1980-களின் கடைசியில் இப்படித் தண்ணீரை ஏற்றி இறக்கவே அமைந்தது.

மலை நிலையம் மூப்படைந்தால் எது கெடுகிறது? சக்கரம் தேய்கிறது, ஜெனரேட்டரின் கம்பிச்சுருள் நைந்துபோகிறது, ஏரியில் வண்டல் சேர்கிறது. சுரங்கமும் அணையும் ஒழுங்காகப் பராமரித்தால் இன்னும் பல காலம் நிற்கும். தேய்ந்ததை மாற்றவும் வண்டலை வாரவும் புதிதாக ஒரு சோலையை மூழ்கடிக்க வேண்டியதில்லை. பைக்காராவின் தண்ணீரைக் கொண்டே 2005-ல் பூமிக்கடியில் 150 மெகாவாட் நிலையம் ஓட ஆரம்பித்தது. பழைய ஏரி புது வேலைக்கு உதவும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பழுது பார்க்கப் பணம் ஆகும். யந்திரத்தைச் சில மாதம் நிறுத்தவும் வேண்டும். உண்மைதான். தண்ணீர் வற்றும் கோடையில் ஒவ்வொன்றாக நிறுத்தினால் போகிறது! உண்மையான தடை வேறு. புது அணைக்குத் திறப்பு விழா உண்டு, மாலை உண்டு, கல்வெட்டு உண்டு. பழைய சக்கரத்தை மாற்றியதற்கு யார் கல்வெட்டு வைக்கிறார்கள்?

மூக்குக்கண்ணாடி மாற்றினால் தாத்தாவுக்குப் பார்வை தெளியும் என்று டாக்டர் சொல்கிறார். நாமோ செலவுக்கு அஞ்சி, அவரைத் திண்ணையில் உட்கார்த்திவிட்டு, "கிழவருக்குக் கண் போச்சு" என்கிறோம். குற்றம் கண்ணிலா இருக்கிறது?