திடலைத் தொலைத்தவர் யார்?



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம், "மாலையில் பந்து விளையாட எங்கே போவாய்?" என்று வினவினேன். "வீட்டுக்குள்ளேதான் ஐயா, கைப்பேசியில்" என்றான். குறும்பாகச் சொன்ன விடை அன்று; உள்ளதைச் சொன்னான். அவனுடைய தாத்தா செமிலிங் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் கோல்காவலராகவும் இருந்தவர். பேரனுக்கு அந்தச் செய்தியே தெரியவில்லை. தாத்தா காத்து நின்ற கோல்கம்பம் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது.

தோட்டத்தில் வளர்ந்த எவரிடமும் திடலைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். விடியலில் பிரட்டுக்குப் போய், நண்பகலில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குத் திடலில் இறங்கிய இளைஞர்களைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு சோடிக் காலணியை இருவர் மாற்றி மாற்றி அணிந்ததைச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை லோரியில் ஏறிப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஆடப் போனதையும், தோற்றுத் திரும்பினால் வழிநெடுகப் பேச்சே எழாததையும் சொல்வார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடந்த எழுவர் ஆட்டங்களையும், கோட்டுக்கு வெளியே நின்று நடுவரை ஏசிய பாட்டிமார்களையும் சொல்வார்கள். கோயில், பள்ளி, ஆயாக்கொட்டகை, திடல் ஆகிய நான்கும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. ஒரு சிறுவனை வளர்த்தெடுக்க அந்த நான்கும் போதுமாயிருந்தன.

நெஞ்சம் இனிக்கிறது; மறுக்கவில்லை. ஆனால், இந்த இனிப்பே நம்மைக் கெடுக்கிறது என்பதுதான் என் வழக்கு. நினைத்து மகிழ்கிறோம், புலனத்தில் பழைய படங்களைப் பகிர்கிறோம், பெருமூச்சு விடுகிறோம், அத்தோடு கடமை தீர்ந்ததென்று படுத்துவிடுகிறோம். எஞ்சியிருக்கும் திடல்கள் நம் கண்முன்னே ஒவ்வொன்றாய்ப் போகின்றன.

திடல் யார் கொடுத்தது?

"அதெல்லாம் வெள்ளைக்காரத் துரை செய்த தந்திரம். ஒரு கையில் கள்ளையும் மறு கையில் பந்தையும் கொடுத்துக் கூலிக்காரனை அடக்கி வைத்தான்" என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. நிறுவனம் எதையும் அன்பினால் கொடுக்கவில்லை. லயத்து வாழ்க்கையில் கூலி குறைவு, நோய் மிகுதி, மதிப்பு அறவே இல்லை. அதை மறைத்துத் தோட்டத்தைச் சொர்க்கமாக வருணிப்பவர்களோடு எனக்கும் உடன்பாடு இல்லை.

ஆனால், கள்ளையும் பந்தையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. நம் பீடோங் வட்டார வரலாறே அதற்குச் சான்று. ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம்.சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, 1947இல் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. காவல்துறையோடு மோதல் மூண்டது. கள்ளுக்கடையை மூடு என்று நம் முன்னோர் போராடினர். திடலை மூடு என்று எந்தத் தொழிலாளியும் மறியல் செய்ததாக நான் படித்ததில்லை. கொடுத்தவன் நோக்கம் எதுவாக இருந்தாலும், புல்லை வெட்டி, கம்பம் நட்டு, குழு அமைத்து, அந்த வெற்றிடத்தைத் தம்முடையதாக்கிக் கொண்டவர்கள் தொழிலாளர்களே.

பிறகு நடந்ததை நாம் அறிவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. லயத்தைவிட்டு வெளியேறிய மக்கள் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் மலிவு விலை அடுக்ககங்களில் குடியேறினர். அவர்களோடு மதுவும் நகரத்துக்கு வந்தது. திடல் மட்டும் வரவில்லை. உள்துறை அமைச்சு 2013இல் 49 குண்டர் கும்பல்களைப் பட்டியலிட்டு வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இந்தியர் என்று அறிவித்தது. திடல் இருந்திருந்தால் இது நேர்ந்திராது என்று நான் சொல்லவில்லை. நோய்க்குக் காரணங்கள் பல. ஆனால், இளைஞனின் மாலைப் பொழுதை நாம் நிரப்பாவிட்டால் வேறொருவன் நிரப்புவான். இதற்கு ஆய்வு தேவையில்லை. ஆசிரியர்களாகிய நாம் கண்ணால் காண்பது இது.

இரண்டு இடிப்புகள்

செமிலிங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே சுங்கை பத்துவில் 11ஆம் எண் சண்டி என்னும் தொன்மைக் கட்டடத்தை வீடமைப்புப் பணிக்காக இடித்துத் தள்ளிய செய்தி 2013இன் இறுதியில் வெளிவந்தபோது நாடே கொதித்தது. கடாரத்தின் பெருமை போயிற்று என்று நாமும் முழங்கினோம். முழங்கியது சரியே. ஆனால், அதே வகை மண்வாரி இயந்திரம் தோட்டத் திடல்களை ஒவ்வொன்றாய் உழுது தள்ளியபோது நம்மில் எத்தனைப் பேர் வாய் திறந்தோம்? ஆயிரம் ஆண்டுப் பழமைக்கு அழத் தெரிந்த நமக்கு அப்பாவின் காலடி பட்ட மண்ணுக்கு அழத் தெரியவில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்குச் சிற்றூர்தோறும் பேஸ்பால் எனும் பந்தாட்டத்தின் கீழ்நிலைக் குழுக்கள் உண்டு. பெரிய குழுக்களோடு இணைந்திருந்த அத்தகைய 160 குழுக்களை 2021 பருவத்திற்கு முன் 120ஆகக் குறைத்தார்கள். அத்திட்டம் 2019இல் வெளியே தெரிந்தவுடன் ஊர்கள் எதிர்த்தன. நாடாளுமன்ற உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டனர். வென்றார்கள் என்று சொல்லவில்லை, தோற்றார்கள். ஆயினும், சிற்றூரின் திடல் ஒரு பொதுச்சொத்து என்று அவர்கள் உரக்கச் சொன்னார்கள். நாம் அதைக்கூடச் சொல்லவில்லை. எந்தத் தோட்டத்தில் எந்தக் குழு இருந்தது, எந்தச் சுழற்கிண்ணத்தை யார் வென்றார் என்று எழுதி வைக்கவும் இல்லை. கிண்ணங்கள் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் கறுத்துக் கிடக்கின்றன.

மேடை ஏறினால் மட்டும் பட்டியல் நீள்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய எம்.சந்திரன் என்போம். 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் என்போம். 2010இல் சுசுகி கிண்ணத்தை வென்று தந்த பயிற்றுநர் கே.ராஜகோபால் என்போம். கைதட்டுவோம். அடுத்த பெயர் எந்தத் திடலிலிருந்து வரும் என்று மட்டும் கேட்க மாட்டோம்.

இனிப் பழி யார்மேல்?

நிறுவனம் விற்றது; மேம்பாட்டாளர் வாங்கினார்; அரசு பார்த்திருந்தது. அவர்கள் கணக்கு அவர்களோடு. நம் கணக்கைப் பார்ப்போம். தோட்டத் திடல் போன பின்னும் பல ஊர்களில் நமக்கென்று எஞ்சியிருப்பது தமிழ்ப்பள்ளித் திடல். அதை நாம் என்ன செய்தோம்?

ஒரு மூலையில் கூடாரம் போட்டோம். மறு மூலையை வாகன நிறுத்துமிடமாக்கினோம். எஞ்சியதில் கூடுதல் கட்டடம் கேட்டோம். மாலை மூன்று மணிக்கு வாயிற்கதவைப் பூட்டினோம். பிள்ளையை அங்கிருந்து நேரே தனிப்பயிற்சி வகுப்புக்கு அனுப்பினோம். "தேர்வு இருக்கிறதே ஐயா" என்று பெற்றோர் சொன்னார்கள். ஆசிரியர்களாகிய நாமும் தலையாட்டினோம். அந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. சாக்கு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஒரு மாணவர் ஒரு விளையாட்டு என்ற கொள்கை 2011 முதல் நடப்பில் உள்ளது. அது கோப்பில் மட்டும் ஓடுகிறதா, புல்லிலும் ஓடுகிறதா என்பதை ஒவ்வொரு பள்ளியும் தன் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

தோட்டப் பள்ளி இடம் மாறும் போதும் இதே கதைதான். நம் தோட்டப் பள்ளிகளுள் பல நிறுவன நிலத்தில் நின்றவை. மாற்று நிலம் தருகிறோம் என்றவுடன் வகுப்பறை எத்தனை, மண்டபம் உண்டா என்று கேட்கிறோம். திடல் எங்கே என்று கேட்பது கடைசியில்தான். அதற்குள் வரைபடம் கையெழுத்தாகிவிடுகிறது.

ஆகவே, மூன்று வேண்டுகோள்.

ஒன்று: பள்ளி இடமாற்றப் பேச்சில் முதல் கேள்வி திடலைப் பற்றியதாக இருக்கட்டும். ஓடியாட இடமில்லாத நிலத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் ஏற்கக் கூடாது.

இரண்டு: வாரத்தில் இரண்டு மாலையாவது பள்ளித் திடல் திறந்திருக்கட்டும். பொறுப்பை ஆசிரியர் தலையில் மட்டும் கட்ட வேண்டா. முறை வைத்துப் பெற்றோர் இருவர் நிற்கலாம். பெண் பிள்ளைகளுக்கும் அதே திடலில் அதே நேரம் வேண்டும். பழைய தோட்டத் திடலில் அவர்களுக்குக் கோட்டுக்கு வெளியேதான் இடம் இருந்தது. அந்தக் குறையையும் நாம் தீர்க்கலாம்.

மூன்று: தாத்தாக்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். மாணவர்களிடம் ஒரு செயல்திட்டமாகவே கொடுக்கலாம். தோட்டத்தின் பெயர், குழுவின் பெயர், ஆடியவர் பெயர், திடல் இருந்த இடம், இப்போது அங்கே இருப்பது, இவ்வளவே போதும்.

செமிலிங்கிலே இன்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 2001இல் தொடங்கப்பட்ட ஏய்ம்ஸ்ட் அது. மருத்துவரை உருவாக்கும் கூடத்தையே எழுப்ப முடிந்த இந்தச் சமூகத்துக்கு, ஒரு பள்ளித் திடலில் இரண்டு கோல்கம்பம் நட முடியாதா?

அந்த மாணவனின் தாத்தாவைப் பள்ளிக்கு அழைத்திருக்கிறேன். முட்டிவலி இருக்கிறது, ஆனாலும் வருகிறேன் என்றார். கோலில் நிற்க மாட்டார். நிற்கக் கற்றுக் கொடுப்பார். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். அழையுங்கள். பெருமூச்சு விட்டது போதும்; வாயிற்கதவைத் திறப்போம்.