வேர் ஃபைலில எல்லாத்தையும் எழுதாதேங்கோ

எங்கட குழுவில புதுசா ஒரு தங்கச்சி வந்து சேர்ந்தா. ஊர் நூலகங்களுக்கெண்டு நாங்கள் எழுதிக்கொண்டிருக்கிற புத்தகப் பதிவுச் செயலியில, ஆண்ட்ராய்ட் பக்கத்தில ஒரு சின்னத் திருத்தம்தான் அவவுக்குக் குடுத்த வேலை. ஃபோன் ஹொட்ஸ்பொட்டில எல்லாத்தையும் இறக்கினா. கிரேடில் மட்டுமே 100 எம்பிக்கு மேல. திருத்தத்தையும் செய்துபோட்டு ஒரு கேள்வி கேட்டா: "அண்ணா, இந்த ஃபோல்டரில இருக்கிற பில்ட் ஃபைலில ஒண்டுமே இல்லையே, இது எப்பிடி ஓடுது?"

எங்களில ஒருத்தருக்கும் உடன பதில் சொல்லத் தெரியேல்ல.

கிரேடில் தெரியாதவைக்குச் சுருக்கமா: எழுதின கோட்டைக் கம்பைல் பண்ணி, தேவையான லைப்ரரிகளை இறக்கி, கடைசியா ஓடக்கூடிய ஒரு பொதியா ஆக்கித் தாற கருவி அது. பெரிய புரொஜெக்டைத் துண்டு துண்டாப் பிரிக்கலாம், துண்டுக்குள்ளயும் துண்டு வைக்கலாம். செட்டிங்ஸ் ஃபைலில 'சேர்வர்:கோர்' எண்டு ஒரு வரி எழுதினா, சேர்வர் எண்டு ஒண்டும் அதுக்குள்ள கோர் எண்டு ஒண்டுமா 2 புரொஜெக்ட் உருவாகும். எங்களிட்ட சேர்வர், ஆண்ட்ராய்ட் எண்டு 2 கிளை இருந்தது. ரெண்டுக்குள்ளயும் ஒவ்வொரு கோர்.

ஆரம்பத்தில நாங்கள் செய்தது கனபேர் செய்யிறதுதான். வேரில இருக்கிற பில்ட் ஃபைலில 'சப்புரொஜெக்ட்ஸ்' எண்டு ஒரு பிளொக் போட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜாவா பிளகின், ஒரே குரூப் பெயர், ஒரே லைப்ரரிகள் எண்டு அங்கயே எழுதிவிட்டம். ஒருக்கா எழுதினாப் போதும், எல்லாருக்கும் போய்ச் சேரும். கெட்டித்தனமான வேலை எண்டு அப்ப நினைச்சது உண்மை.

முதல் அடி ஆண்ட்ராய்டில விழுந்தது. ஜாவா பிளகினும் ஆண்ட்ராய்ட் பிளகினும் ஒரே புரொஜெக்டில சேர்ந்து இருக்காது, கிரேடில் பிழை சொல்லி நிண்டுவிடும். உடன வேர் ஃபைலில ஒரு 'இஃப்' போட்டம்: பாதை ஆண்ட்ராய்ட் எண்டு தொடங்கினா ஜாவா வேண்டாம். பிறகு பாத்தா, கோட் ஒண்டுமே இல்லாத சேர்வர் ஃபோல்டருக்கும் ஜாவா ஒட்டி, வெறும் ஜார் ஒண்டு ஒவ்வொரு முறையும் வந்துகொண்டிருந்தது. அதுக்கும் ஒரு 'இஃப்'.

மூண்டாவதுதான் எங்களை ரெண்டு நாள் நித்திரை கொள்ள விடேல்ல. ஆண்ட்ராய்ட் செயலிக்கு ரெண்டு கோரும் தேவைப்பட்டது. இணைச்ச உடன, கண்ணுக்கு முன்னால இருக்கிற கிளாஸைக் காணேல்ல எண்டு பிழை. காரணம் இதுதான்: கிரேடில் ஒரு புரொஜெக்டை அடையாளம் காணிறது குரூப், பெயர், பதிப்பு எண்ட மூண்டாலயும். நாங்கள் ஒண்டும் சொல்லாம விட்டிருந்தா, குரூப் பெயரை அது பாதையில இருந்தே எடுத்து, ரெண்டு கோரையும் வேறு வேறா வைச்சிருக்கும். எல்லாருக்கும் ஒரே குரூப் எண்டு மேல இருந்து எழுதினபடியால ரெண்டும் ஒரே ஆளாப் போச்சு. ஒண்டை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுட்டுது.

இதைக் கிரேடிலின்ர பிழை எண்டு சொல்ல எங்களுக்கு மனமில்லை. வேரில இருந்து பிள்ளைகளுக்குள்ள கை வைச்சா புரொஜெக்டுகள் ஒண்டோடொண்டு பின்னிப் போகும், தவிருங்கோ எண்டு அதின்ர சொந்த வழிகாட்டியே சொல்லுது. நாங்கள் வாசிக்கேல்ல. மேவனில பாருங்கோ, தன்ர தாய் ஆர் எண்டதைப் பிள்ளைதான் தன்ர ஃபைலில எழுதும். பிள்ளையின்ர ஃபைலைத் திறந்தா எங்க போய்ப் பாக்கவேணும் எண்டது தெரியும். எங்கட ஆண்ட்ராய்ட் ஃபைலைத் திறந்த தங்கச்சிக்கு அந்த ஒரு வரிகூட இருக்கேல்ல.

இப்ப மாத்திப்போட்டம். பொதுவான விதிகளை பில்ட்சோர்ஸ் ஃபோல்டருக்குள்ள சின்னப் பிளகின்களா எழுதியிருக்கிறம், ஜாவாவுக்கு ஒண்டு, ஆண்ட்ராய்டுக்கு ஒண்டு. எது வேணுமோ அதை ஒவ்வொரு துண்டும் தன்ர ஃபைலில தானே கேட்கவேணும். லைப்ரரிப் பதிப்புகள் எல்லாம் வெர்ஷன் கற்றலொக் எண்ட ஒரே ஃபைலில. 2022இல வந்த கிரேடில் 7.4இல இருந்து அது நிலையான வசதி. 'இஃப்' ஒண்டும் இல்லை. கோர்களுக்கும் வேறு வேறு பெயர் வைச்சாச்சு, அது முதலே செய்திருக்கவேண்டிய வேலை.

ஒரே வரியை ஒவ்வொரு ஃபைலிலயும் திருப்பித் திருப்பி எழுதிறது வீண்வேலை எண்டு எங்களுக்குள்ளயே ஒராள் இப்பவும் சண்டை பிடிக்கிறார். வரி கூடினது உண்மைதான். ஆனா எழுதிற ஆளுக்கு மிச்சமாகிற அந்த ஒரு வரிக்காக, பிறகு வாற ஆள் இரவு இரவா தேடவேண்டியிருக்கு. கம்பஸ் முடிச்சு ஆக்கள் வேலைக்கு, வெளிநாட்டுக்கு எண்டு போய்க்கொண்டே இருக்கிற எங்கட மாதிரிக் குழுக்களில, அந்த வேர் ஃபைலை எழுதினவரைக் கேட்கலாம் எண்டு நம்பி இருக்கேலாது. எங்கட பழைய ஃபைலை எழுதினவர் இப்ப கனடாவில. வாட்ஸப்பில கேட்டம். தனக்கும் ஞாபகமில்லையாம்.

தங்கச்சியின்ர திருத்தம் போன கிழமை உள்ள போயிட்டுது. அடுத்ததா சேர்வர் பக்கத்தில ஒண்டு கேட்டிருக்கிறா.