வடகரப்பதியின் தண்ணீர்க் கணக்கை யார் எழுதுவது?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலுள்ள பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலையால் ஏற்பட்ட இழப்பு 216.26 கோடி ரூபாய் என்று கேரள அரசின் உயர்நிலைக் குழு 2010-இல் மதிப்பிட்டது. அதில் வேளாண்மை இழப்பு மட்டும் 84.16 கோடி. ஆலை 2004-இலேயே நின்றுவிட்டது. இழப்பீட்டுக்காக 2011-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்ப்பாய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் முடங்கியது. அந்தக் குழு செய்த வேலையை மதிக்கிறோம். ஆனால் கிணறு கெட்டு, தோப்பு வாடி, சனங்கள் குடத்தோடு தெருவில் நின்ற பிறகுதான் அந்தக் கணக்கு போடப்பட்டது. ஆலைக்கு அனுமதி தருவதற்கு முன்பே அதைப் போட்டுக் காட்டும் ஆட்கள் சித்தூர் வட்டத்திலேயே இருந்திருக்க வேண்டும். இன்றும் அப்படிப்பட்டவர்களை உருவாக்க ஏற்பாடு இல்லை என்பதே நம் கவலை.

அதே வட்டத்தில், கோவை மாவட்ட எல்லையை ஒட்டிக் கிடக்கிறது வடகரப்பதி. தமிழ் பேசும் உழவர்கள் நிறைந்த ஊராட்சி; கேரளத்தில் இருந்தாலும் கேரளத்தின் மழை இங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி. தென்னையைக் காப்பாற்ற விவசாயி போர் போடுகிறார். அடிக்கு இவ்வளவு என்று கூலி, கேசிங் பைப், நீர்மூழ்கி மோட்டார், கேபிள் என்று கடன் ஏறுகிறது. சில நேரம் தண்ணீர் வராமல் வெறும் கல்தூள் புகைதான் கிளம்புகிறது. தண்ணீர் கிடைத்தாலும் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு இறங்கிவிடுகிறது. இவருடைய செலவு பாங்கிக் கடன் புத்தகத்தில் ஏறும். பக்கத்துக்காரரின் இழப்போ எந்த ஏட்டிலும் ஏறாது. அப்படி ஏறாத இழப்பை அளந்து சொல்வதுதான் சுற்றுச்சூழல் பொருளாதாரம் என்ற படிப்பின் வேலை. 2017-ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் நிலத்தடி நீர் அளவுமீறி உறிஞ்சப்பட்ட வட்டாரமாகச் சித்தூர் பதிவானது. இந்தப் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான களம் எது?

எல்லையின் இரு பக்கமும் வெவ்வேறு விதிகள் என்பதால் இங்கே சிக்கல் இரட்டிப்பு. நிலத்தடி நீரை முறைப்படுத்தக் கேரளத்தில் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. தமிழ்நாடு 2003-இல் கொண்டுவந்த சட்டத்தை நடைமுறைப்படுத்தாமலே 2013-இல் நீக்கிவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கம் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். சித்தூர்த் தென்னையின் கள் கேரளக் கடைகளுக்குப் போகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கள் இறக்கவே தடை. பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்படிக்கைப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும்; வந்ததா இல்லையா என்ற வாக்குவாதம் கோடைதோறும் நடக்கிறது. வரும் ஒவ்வொரு டிஎம்சியும் சித்தூரின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் எத்தனை போர்களை மிச்சப்படுத்தும், எவ்வளவு கடனைக் குறைக்கும் என்ற கேள்வி பேச்சுவார்த்தை மேசைக்கு வருவதே இல்லை. ஒரு மாநிலத்துப் பல்கலைக்கழகம் தனியாக உட்கார்ந்து இதற்கு விடை காண முடியாது.

அதனால்தான் இரு மாநிலக் கல்வி நிறுவனங்களின் கூட்டு வேண்டும் என்கிறோம். கோவையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம், வெள்ளானிக்கரையில் கேரள வேளாண் பல்கலைக்கழகம், பாலக்காட்டில் ஐஐடி, வீட்டு வாசலிலேயே சித்தூர் அரசுக் கல்லூரி. சுற்றுச்சூழல் பொருளாதாரத்தில் நெடுங்காலம் உழைத்த சென்னைப் பொருளியல் கல்விக்கூடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். முன்மாதிரியும் இருக்கிறது. 1999-இல் காட்மாண்டுவை மையமாகக் கொண்டு தொடங்கிய ‘சான்டீ’ என்ற தெற்காசிய வலையமைப்பு, நாடு கடந்து இளம் ஆய்வாளர்களுக்குச் சிறு நிதி தந்தது. தேர்ந்த பொருளியலாளர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது. பயிலரங்குகளில் அவர்களின் ஆய்வை வரிவரியாகத் திருத்தியது. பல நாடுகளுக்கு இடையே நடந்தது இரண்டு மாநிலங்களுக்கு இடையே நடக்கக் கூடாதா?

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. அருகிலுள்ள எலப்புள்ளியில் 600 கோடி ரூபாய் மதுபான ஆலைத் திட்டத்துக்குக் கேரள அமைச்சரவை 2025 ஜனவரியில் முதற்கட்ட ஒப்புதல் தந்ததும் தண்ணீர் பற்றிய பயம் இந்தப் பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டது. நம் நாட்டில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரிப்பவருக்குப் பணம் கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமே. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த எண் எப்படி வந்தது என்று கேட்க ஊராட்சி உறுப்பினருக்குத் துணை யார்? ஆலை வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் நம்பக்கூடிய பொதுக்கணக்கு ஒன்று இருந்தால் வாதம் வேறு தரத்தில் நடக்கும்.

புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு இது நின்றுவிடக் கூடாது. இரண்டு மாநில அரசுகளும் சம பங்கு நிதி ஒதுக்கட்டும். தொழில் நிறுவனங்களின் நன்கொடை இதில் கலக்க வேண்டாம். இரு வேளாண் பல்கலைக்கழகங்களின் முதுகலை மாணவர்களும் ஒரு பருவம் சேர்ந்தே களத்தில் படிக்கட்டும். வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை ஊராட்சிகளில் கிணற்று நீர்மட்டத்தையும் போர்ச் செலவையும் ஆண்டுதோறும் பதியட்டும். சித்தூர்க் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. பாடத்தையும் முடிவுகளையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுத அதன் உதவியைப் பெறலாம். ஆங்கில ஆய்விதழில் கட்டுரை வெளிவருவதற்கு முன்பே, அதன் முடிவுகளைக் கிராம சபையில் படித்துக் காட்டி, விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும்.